எஞ்சின் யாருடையது என்று சபையில் கேளுங்கள்

மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாதுகாப்பு அமைச்சுக்கான நிதி ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும்போது, அது நமக்கு எட்டாத சங்கதி என்று விட்டுவிடாதீர்கள். சம்பளம், காணி, லயன் வீடு என்று ஆயிரம் கவலை இருக்கிறது, சரி. ஆனால் நாட்டுக்கு வரும் டொலரில் தேயிலைக்கும் பங்கு உண்டு. ஈரானிய எண்ணெய்க் கடன் 25.1 கோடி டொலரைத் தேயிலை கொடுத்தே தீர்க்க 2021இல் உடன்பட்ட நாடு இது.

நட்பு நாட்டை நம்பியிருக்க முடியாது, ஆயுதத்தை நாமே செய்வோம் என்று இன்று ஐரோப்பாவே பேசுகிறது. அந்த ஆசை இங்கும் வரலாம். வந்தால் முதலில் கிபிர் போர் விமானத்தின் கதையைச் சபையில் சொல்லுங்கள். 1967இல் பிரான்ஸ் ஆயுதத் தடை போட்டது. இஸ்ரேல் காசு கட்டிய ஐம்பது மிராஜ் விமானங்கள் போய்ச் சேரவில்லை. அந்த ரோசத்தில் இஸ்ரேல் தானே செய்ததுதான் கிபிர். ஆனால் உள்ளே இருந்த எஞ்சின் அமெரிக்காவுடையது. 1977இல் எக்குவடோர் அதை வாங்கக் கேட்டபோது, விற்கக்கூடாது என்று வாஷிங்டன் தடுத்துவிட்டது. சொந்த விமானம், ஆனால் விற்பதற்கு அடுத்தவன் அனுமதி! 1996இல் அதே கிபிர் இலங்கைக்கு வந்தது. அது யார் தலைக்கு மேல் பறந்தது என்பதை வடக்கில் கேட்டால் சொல்வார்கள்.

தென்கொரியா வேறு வழியில் போனது. ஆசிய நாடுகள் தம் பாதுகாப்பைத் தாமே பார்க்க வேண்டும் என்று 1969இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சொன்னார். 1971இல் ஒரு அமெரிக்கப் படைப்பிரிவு அங்கிருந்து கிளம்பியது. கொரியர்கள் ஆயுத ஆய்வு நிலையத்தோடு நிற்காமல் உருக்காலையும் தொழில்நுட்பப் பள்ளிகளும் கட்டினார்கள். இன்று போலந்துக்குப் பீரங்கி விற்கிறார்கள். நடுவில் போனது அரை நூற்றாண்டு.

நம்மிடமும் ஒன்றும் இல்லாமல் இல்லை. தென்னாபிரிக்க பஃபல் கவச வண்டியைப் பார்த்து, கண்ணிவெடி தாங்கும் யூனிபஃபலை நம் இராணுவப் பட்டறைகள் செய்தன. கடற்படை அதிவேகச் சிறு படகுகளைக் கட்டியது. கை பழகிய இந்த இடத்திலிருந்து வளர்த்தால் நியாயம். ஒரே இரவில் தன்னிறைவு என்று யாராவது அறிவித்தால்தான் பயம். 2021இல் இரசாயன உரத்தை அப்படித்தான் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை, அடுத்த ஆண்டு 25 கோடிக்கு இறங்கியது. கொழுந்து குறைந்தால் யார் கூலி குறையும் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, கணக்கு. வெளியே வாங்கிய மிக்-27 விமானங்களின் 2006 கொள்வனவுச் சர்ச்சையே ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. உள்ளேயே செய்து, இரகசியம் என்று கோப்பை மூடிவிட்டால் யார் பார்ப்பது?

ஆகவே அடுத்த குழுநிலை விவாதத்தில் எழுந்து கேளுங்கள். எந்தப் பாகம் எந்த நாட்டிலிருந்து வருகிறது? அவர்கள் மறுத்தால் என்ன வழி? கணக்காய்வாளர் நாயகம் முழுக் கணக்கையும் பார்ப்பாரா? அந்தப் பட்டறைகளுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் போக, தமிழ் மொழியில் தொழிற்பயிற்சி எங்கே? அமைச்சர் சொல்லும் பதில் சபையின் பதிவேடான ஹன்சார்டில் ஏறட்டும்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு வாக்காளர்