குடியிருப்போர் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்குக்கு மூன்று முறை மனு கொடுத்தோம், எரிகிறது. வாய்க்கால் தூர்வாரும் வேலை பாதியில் நிற்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது வீட்டுச் சூட்டைப் பற்றித்தான். நம் உறுப்பினர் ஒருவர் மார்கழியில் மூன்றாவது மாடி வீடு வாங்கினார். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் இரண்டாவது ஏசி மாட்டிவிட்டார். மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் வக்கீலை வைத்துப் பார்த்தவர், மொட்டைமாடியில் வெயிலைத் தடுக்கும் தட்டோடு பதித்திருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

இதைச் சட்டம் கேட்காதா என்றார். தேடிப் பார்த்தோம். 2001 எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஆனால் 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்பு உள்ள பெரிய கட்டடங்களைத்தான். 2018இல் வந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள் கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தன. அதுவும் 500 சதுர மீட்டர், அதாவது பன்னிரண்டு சென்டுக்கு மேற்பட்ட மனைகளுக்கு. நம் மூன்று சென்ட் வீடுகள் எங்கே, அது எங்கே! பழைய வீடு கைமாறும்போது பத்திரப் பதிவில் இதை யாரும் கேட்பதில்லை.

மகள் இங்கிலாந்தில் இருக்கும் உறுப்பினர் அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னார். அங்கே விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் வீட்டின் எரிசக்திச் சிக்கனத்துக்கு 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் போட்ட சான்றிதழ் வேண்டும், பத்து ஆண்டு செல்லும். சில விலக்குகள் தவிர, 'இ'க்குக் கீழே போன வீட்டை வாடகைக்கு விட முடியாது. அவர்களுக்குக் குளிர், நமக்கு வெயில்.

சரி, விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் காட்ட நாமே வீட்டுக்கு ஒரு தாள் தயாரிப்போம் என்று முடிவானது. கடைசி ஆறு கரண்ட் பில் (இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆக ஒரு வருடக் கணக்கு), வீட்டில் எத்தனை பேர், மாடியில் தட்டோடா வெள்ளைப் பூச்சா, மேற்குச் சுவர் எத்தனை அங்குலக் கனம், ஏசியின் நட்சத்திரம் எந்த வருடத்தது. வருடத்தை ஏன் கேட்கிறோம் என்றால், அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து அல்ல.

வாடகை வீடு வைத்திருப்பவர்கள் எதிர்த்தார்கள். விலை இறங்கும் என்றார்கள், அதில் நியாயமும் உண்டு. அப்புறம் 'கட்டாயமல்ல' என்று திருத்தி நிறைவேற்றினோம்.

இதுவரை நான்கு தாள்கள் வந்திருக்கின்றன. ஒன்று என்னுடையது. மேற்குச் சுவர் நாலரை அங்குலம் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்