விடுமுறைச் செய்முறைப் பணி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

எடை, பின்னம் ஆகிய பாடங்களை இப்பருவத்தில் படித்து முடித்துள்ள ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்கு, இந்த விடுமுறையில் எழுத்து வேலைக்குப் பதிலாக, ஹேசல்நட் சாக்லேட் ஸ்ப்ரெட் (ஹேசல்நட் என்னும் கொட்டையும் கோகோவும் கலந்த, ரொட்டியில் தடவும் இனிப்புக் குழைவு) கொண்டு வீட்டிலேயே குக்கீ செய்யும் பணியைக் கொடுத்துள்ளோம்.

தேவையானவை மூன்றே பொருள்கள்: ஸ்ப்ரெட் 300 கிராம், மைதா 150 கிராம், முட்டை ஒன்று. கொழுப்பும் சர்க்கரையும் ஸ்ப்ரெட்டிலேயே போதிய அளவு இருப்பதால் வெண்ணெயோ சர்க்கரையோ தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஓடு நீக்கிய முட்டை ஏறத்தாழ 50 கிராம் இருக்கும் என்பதால் மொத்த மாவு 500 கிராம் வரும். 20 கிராம் உருண்டைகளாக உருட்டினால் எத்தனை குக்கீ கிடைக்கும் என்பதைப் பிள்ளையே கணக்கிடட்டும். பாதி அளவு மட்டும் செய்வதானால் ஒரு முட்டையை எப்படிப் பாதியாக்குவது என்ற கேள்வி எழும். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். முட்டையை நன்றாக அடித்துக் கலக்கி, அதில் 25 கிராம் நிறுத்து எடுக்கலாம் என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதையே நான் பெரிதும் விரும்புகிறேன்.

உருண்டைகளை இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்கி, முள்கரண்டியால் லேசாக அழுத்தி, முன்பே 175 டிகிரி செல்சியஸ் சூடேற்றிய ஓவனில் 8 முதல் 10 நிமிடம் வைத்தால் போதும். மாவு முதலிலிருந்தே பழுப்பு நிறமாக இருப்பதால், நிறத்தைப் பார்த்துப் பதம் அறிய முடியாது. ஓரம் மட்டும் இறுகி, நடுப்பகுதி தொட்டால் அமுங்கும் நிலையில் எடுத்துவிட வேண்டும். வேகவில்லை என்று எண்ணி மீண்டும் உள்ளே வைத்தால், ஆறியபின் கடிக்க முடியாதபடி கெட்டியாகிவிடும். பத்து நிமிடம் தட்டிலேயே ஆறவிட்டால் அவை தாமாக இறுகும்.

ஓவனைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் பெரியவர்களின் வேலை. பச்சை மாவைப் பிள்ளைகள் சுவைக்க விடாதீர்கள். முட்டையில் மட்டுமன்றி, வேகாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

இப்பணியில் ஹேசல்நட், பால், கோதுமை, முட்டை ஆகியவை சேருகின்றன. பல ஸ்ப்ரெட்டுகளில் சோயாவும் உண்டு. இவற்றில் எதற்கேனும் தங்கள் பிள்ளைக்கோ வீட்டில் வேறு எவருக்கேனுமோ ஒவ்வாமை இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால் அதே கணக்குகளை உள்ளடக்கிய வேறு பணி தரப்படும். மதிப்பெண்ணில் வேறுபாடு இராது. கொட்டை ஒவ்வாமை சிலருக்கு மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும் என்பதால், செய்த குக்கீகளைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களுடன் பகிர விரும்பும் பிள்ளைக்கு இது வருத்தமளிக்கும். காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஸ்ப்ரெட்டில் பாதிக்கும் மேல் சர்க்கரையே இருக்கக்கூடும் என்பதால், வீட்டிலும் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு போதும்.

பள்ளி திறக்கும் நாளில் குறிப்பேட்டை மட்டும் கொடுத்தனுப்புங்கள். நிறுத்த அளவுகள், எதிர்பார்த்த எண்ணிக்கை, உண்மையில் கிடைத்த எண்ணிக்கை, இரண்டும் வேறுபட்டிருந்தால் அதற்கான காரணம் ஆகியவை பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்