நெல்வயல் நடுவே ஒரு பாலம்

அன்புள்ள கயல்,

நாளை காலை வியட்நாமின் ஹுவே நகரத்திலிருந்து கிளம்புகிறோம். போனில் சொன்னால் நீ பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

63 வயதில் பைக்கில் ஏறி ஊர் சுற்ற வேண்டுமா என்று கேட்டாயே, சுற்றிவிட்டேன். உடன் வந்தவர்கள் எல்லாரும் கோட்டையைப் பார்த்துவிட்டு வேனில் திரும்பினார்கள். நானும் எதிர்வீட்டு டீச்சரும் மட்டும் ஆளுக்கொரு வண்டி.

என்னை ஏற்றிக்கொண்டவள் உன் வயதுப் பெண். எடுத்ததும் என் வயதைக் கேட்டாள். வயது தெரிந்தால்தான் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியுமாம். அப்புறம் நாள் முழுக்க 'கோ, கோ' என்றே அழைத்தாள். கோ என்றால் அப்பாவின் தங்கை. நம் ஊர் அத்தைதான்! உன் அப்பா வண்டியில் ஒருபக்கமாகவே உட்கார்ந்து பழகிய என்னை இரண்டு பக்கமும் கால் போட வைத்தாள். அங்கே சாலையின் வலது பக்கம் போகிறார்கள். முதல் திருப்பத்தில் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் பயம் போய்விட்டது.

வேனில் போயிருந்தால் வாசனை வந்திருக்காது. துய் சுவான் என்ற இடத்தில் சாலையோரம் ஊதுபத்திகளைச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ மாதிரி விரித்துக் காயவைக்கிறார்கள். பட்டை வாசம் வண்டியோடு கூடவே வருகிறது.

வழியில் அவள் கேட்டாள், "கோ, பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்?" அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. தை மாதம் வேறொரு பெண்ணின் வளைகாப்பில் அத்தனை பேர் முன்னால் பிள்ளை பற்றி நான் உன்னிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. நீ சாப்பிடாமல் எழுந்து போனதும்.

அடுத்து போன இடம் து தக் மன்னரின் கல்லறை. கல்லறை என்றதும் சின்னதாக நினைக்காதே. குளம், பைன் மரங்கள், மரமண்டபம் என்று ஒரு தோட்டமே அது. 1864 முதல் 1867 வரை கட்டியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே மன்னர் அங்கே வந்து தங்கிக் கவிதை எழுதுவாராம். நூறுக்கு மேல் மனைவியர், ஆனால் பிள்ளை இல்லை. தந்தையைப் பற்றி மகன் எழுதி வைக்க வேண்டிய கல்வெட்டை அவரே தனக்கு எழுதிக்கொண்டார். பெரிய கல், சுமார் 20 டன். அதில் தன் குறைகளையும் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றேன். பாவமாக இருந்தது.

மதியம் சைவச் சாப்பாடு. ஹுவேயில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பல வீடுகளில் இறைச்சி கிடையாது, அதனால் எனக்குக் கஷ்டமே இல்லை. சாப்பிட்டதும் நெல்வயல்களுக்கு நடுவே தான் தோவான் கிராமத்துக்குப் போனோம். அங்கே வாய்க்காலுக்குக் குறுக்கே ஓட்டுக்கூரை போட்ட மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 1776இல் திரான் தி தாவோ என்ற பெண் கட்டிக் கொடுத்தது. பெரிய அதிகாரியின் மனைவி, அவருக்கும் பிள்ளை இல்லை. ஊர் ஜனம் கடந்து போகவும், வெயிலில் களைத்தவர்கள் உட்காரவும் சொந்தப் பணத்தில் கட்டினார். பாலத்தின் நடுவிலேயே அவருக்கு ஒரு சந்நிதி வைத்துக் கும்பிடுகிறார்கள். 1925இல் காய் தின் மன்னர் உத்தரவிட்டு வைத்தது.

பாலத்தின் பலகையில் ஒரு தாத்தா காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணை யாரும் பிள்ளை இல்லாதவள் என்று கூப்பிடவில்லை. பாலத்தைக் கடக்கிற ஊருக்கே அவர் சொந்தம்.

கயல், உனக்குப் பிள்ளை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம், வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்திருக்கலாம். எதுவானாலும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ளது. வளைகாப்பில் நான் பேசியது தப்பு. இனிமேல் கேட்கமாட்டேன். உன் சித்தி கேட்டாலும் நீ பதில் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு ஓலைத்தொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டு ஓலைக்கு நடுவே ஒரு கவிதை தெரியும். நசுங்காமல் இருக்க மடியில் வைத்துக்கொண்டே வருகிறேன்.

அன்புடன்,
அம்மா