லீவுக்கு ஊருக்குப் போகும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

மே 1 காலையில் நம் மும்பைப் பள்ளியில் கொடியேற்றம் இருக்கிறது, முடிந்த கையோடு ரிசல்ட் தருகிறோம். தொழிலாளர் தினத்தில் எதற்குப் பள்ளிக்கூடம் என்று வருஷா வருஷம் யாராவது கேட்கிறீர்கள். 1960இல் அதே தேதியில்தான் அப்போதைய பம்பாய் மாநிலத்தைப் பிரித்து மகாராஷ்டிரம், குஜராத் என்று இரண்டாக்கினார்கள், அதனால் இங்கே அது மகாராஷ்டிர தினமும்கூட. பம்பாய் நகரம் மகாராஷ்டிரத்துக்குத்தான் வேண்டும் என்ற போராட்டத்தில் நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஃப்ளோரா ஃபவுண்டன் இருக்கும் இடத்துக்கு ஹுதாத்மா சௌக், அதாவது தியாகிகள் சதுக்கம், என்று பெயர் வந்தது அவர்கள் நினைவாகத்தான். அதனால் தாமதமில்லாமல் வந்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் மகாராஷ்டிரத்தின் 36 மாவட்டத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் வரைபடத்தில் சோலாப்பூர் எங்கே என்றால் விரல் நாக்பூர் பக்கம் போகிறது. திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் போகும்போது இதே பிள்ளைகள் சோலாப்பூர் வழியாகத்தான் போய் வருகிறார்கள்! செல்போனைப் பார்த்துக்கொண்டே போனால் எந்த ஊர் வந்தால் என்ன, போனால் என்ன. இந்த லீவுக்கு வீட்டுப்பாடம் என்று தனியாக எதுவும் தரப்போவதில்லை, ஜன்னல் ஓரத்தை மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

குறிப்பாக, புனே போகும் வழியில் மலையடிவாரத்தில் இருக்கும் கர்ஜத்திலிருந்து. அங்கே வண்டி நிற்கும்போது எல்லாரும் வடாபாவ் வாங்குவதில் மும்முரமாக இருப்போம். அந்த நேரத்தில் பின்பக்கம் கூடுதல் இன்ஜின் கோப்பார்கள், லோனாவளா வரைக்கும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு. ஏன் தள்ள வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பாடத்தில் சஹ்யாத்ரி என்று படித்த மலை அதுதான், 1863இல் அதைக் குடைந்து ரயில் விட்டபிறகுதான் தக்காணத்துப் பருத்தி தடையில்லாமல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்தது, இந்த மும்பையும் பெருத்தது. மலை ஏறி, புனே தாண்டி, தௌண்ட் வரும்போது பச்சையெல்லாம் காணாமல் போய்விடும், கரிசல் காடும் கரும்பும் வெறும் பொட்டலுமாக மாறும். கடலிலிருந்து வரும் மழை மேகத்தை மலை மறித்துக்கொள்கிறது. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை சோலாப்பூரில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. 2016இல் லாத்தூருக்கு மிரஜிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் போனதே, அந்த வறட்சிக்கு இந்த மலைமறைவும் ஒரு காரணம்.

ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள், கோதாவரி பிறக்கும் திரியம்பகேஸ்வரிலிருந்து அரபிக்கடல் 80 கிலோமீட்டர்தானே, பின்னே ஏன் அது 1,465 கிலோமீட்டர் நடந்து வங்காள விரிகுடாவுக்குப் போகிறது என்று. நல்ல கேள்வி. தக்காண பீடபூமி கிழக்கே சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிருஷ்ணாவும் பீமாவும் அதே வழிதான்.

அப்புறம் வரலாறு. "நாலாம் வகுப்பில் வருஷம் பூரா சிவாஜி மகாராஜா கதைதானா, நம்ம தமிழ்நாட்டுக் கதை எதுவும் கிடையாதா டீச்சர்?" என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். இதில் நம் ஊரும் இருக்கிறது. 1677இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். பிற்பாடு மராட்டியத் தலைநகர் ராய்காட் முகலாயர் கைக்குப் போனபோது சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பித்து வந்து உட்கார்ந்ததும் அதே செஞ்சியில்தான், 1698 வரை முற்றுகை நடந்தது. 2025இல் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. தஞ்சாவூரை 1855 வரை வைத்திருந்ததும் சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி வம்சம். விழுப்புரம், தஞ்சாவூர் பக்கம் போகிறவர்கள் கோட்டையை ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள், வெயில் ஏறும் முன் போய்விடுங்கள், செஞ்சியில் படி அதிகம்.

நாக்பூர் பக்கமெல்லாம் நம்மில் அதிகம் பேர் போவதில்லை. ஆனாலும் அது 1956 வரை பழைய மத்தியப் பிரதேசத்தின் தலைநகரம் என்பதும், லாத்தூர் இருக்கும் மராட்வாடா பகுதி 1948 வரை ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்தது என்பதும் பெரிய பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, ஔரங்காபாத் இப்போது சத்ரபதி சம்பாஜிநகர், உஸ்மானாபாத் தாராஷிவ், அகமத்நகர் அகில்யாநகர். வீட்டில் பழைய வரைபடம் மாட்டியிருந்தால் பிள்ளையை விட்டே திருத்தி எழுதச் சொல்லுங்கள், புதிது வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் வழியில் பார்த்த ஐந்து ஸ்டேஷன் பெயரையும் ஒவ்வொன்றிலும் என்ன விற்றார்கள் என்பதையும் கேட்பேன். நீங்கள் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள், கையெழுத்து எனக்குத் தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியை