தலையில அடி பட்ட புள்ளைய திரும்ப கிரவுண்டுக்குள்ள அனுப்பாதீங்க: வடசென்னை அப்பா அம்மாங்களுக்கு ஒரு திறந்த மடல்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, தண்டையார்பேட்டைனு நம்ம பக்கம் புள்ளைங்கள ஃபுட்பாலுக்கும் பாக்ஸிங்குக்கும் அனுப்புற அக்கா, அண்ணன் எல்லாருக்கும் வணக்கம். நான் கேஷுவால்டியில வேலை பாக்குற நர்ஸ், வீடும் இதே ஏரியா தான். விளையாட அனுப்பாதீங்கனு சொல்ல வரல, சத்தியமா இல்ல. கேக்குறது ஒண்ணே ஒண்ணு. தலையில அடி பட்டுச்சுனா அன்னைக்கு ஆட்டம் அவ்ளோதான். மூஞ்சில தண்ணி அடிச்சு, சோடா குடுத்து, "ஒண்ணும் இல்லடா, போய் ஆடு"னு உள்ள தள்ளாதீங்க.

எங்ககிட்ட வர்றவங்க முக்காவாசி பேரு முதல்ல சொல்றது, "ரத்தம் வரல சிஸ்டர், மயக்கமும் போடல." கன்கஷன், அதாவது அடியில மூளை குலுங்கிப் போறது, அதுக்கு மயக்கம் போட்டே ஆகணும்னு இல்லக்கா, பெரும்பாலான புள்ளைங்களுக்கு மயக்கமே வர்றதில்ல. தூக்குவாளியில சாம்பார் எடுத்துட்டு ஓடுனா வெளிய ஒரு நசுங்கலும் இருக்காது, உள்ள மட்டும் அலம்பும் பாருங்க, மண்டை ஓட்டுக்குள்ள மூளைக்கும் அதே கதி தான். நேரா தலையில தான் படணும்னு கூட இல்ல, உடம்புல வேகமா இடிச்சு தலை வெடுக்குனு ஆடினாலும் வரும். சிடி ஸ்கேன் நார்மல்னு வந்தா கன்கஷன் இல்லனு நெனச்சுக்குறாங்க, ஸ்கேன் பாக்குறது உள்ள ரத்தம் கட்டியிருக்கா, எலும்பு விரிசல் விட்டிருக்கானு, இந்தக் குலுக்கல் பொதுவா அதுல தெரியாது.

2020 டிசம்பர்ல கான்பெராவுல ஜடேஜா ஹெல்மெட்ல ஸ்டார்க் பால் பட்டுச்சு, ஞாபகம் இருக்கா? மனுஷன் இன்னிங்ஸ் முடியுற வரைக்கும் நின்னு ஆடிட்டு தான் வந்தாரு, டிரெஸ்ஸிங் ரூம்ல வச்சு தான் தலை சுத்துதுனு சொன்னாரு, அவருக்கு பதில் சாஹல் இறங்கினாரு. (நம்ம சேலத்து நடராஜனுக்கு அது தான் முதல் இன்டர்நேஷனல் டி20, அதான் எனக்கு மறக்கல.) அவ்ளோ பெரிய ஆளுக்கே அப்புறமா தான் தெரியுதுனா, ஃபைனல்ஸ்ல இருந்து தூக்கிடுவாங்கனு பயந்து வாயே திறக்காத பன்னெண்டு வயசு பையன் கதை என்ன ஆகும்?

அதனால அவன் சொல்லுவான்னு காத்திருக்காதீங்க, நீங்க பாருங்க. கேட்டதையே திரும்பத் திரும்ப கேக்குறானா, ஸ்கோர் கேட்டா முழிக்கிறானா, லைட்டு கூசுதுங்குறானா, காரணமே இல்லாம எரிஞ்சு விழுறானா. மறுநாள் ஸ்கூல்ல போர்டைப் பாத்தா தலை வலிக்குதுனு சொன்னாலும் இதே கணக்கு தான். பேச்சு வராத சின்னதுங்க நைநைனு அழுவும், சாப்பிடாது, பிடிச்ச பொம்மையக் கூட தொடாது.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, குழறுற பேச்சு, கை கால்ல பலம் குறையுறது, ஒரு கண்ணு பாப்பா பெருசு ஒண்ணு சிறுசு, மூக்கு காதுல தண்ணி மாதிரி வடியுறது, எழுப்புனா எழுந்திரிக்காத தூக்கம், இதுல எது இருந்தாலும் 108 கூப்பிடுங்க, இல்ல நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கழுத்து வலிக்குதுனா தூக்கி நிறுத்தாதீங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்.

வீட்ல ஆயா "தூங்க விடாதடி"னு ராத்திரி பூரா உக்கார வச்சிருக்கும். டாக்டர் பாத்து ஆபத்து இல்லனு சொல்லிட்டா தூங்கலாம், தூக்கம் நல்லது தான். வீக்கத்தை எண்ணெய் போட்டு அழுத்தி தேய்க்காதீங்க, துணியில ஐஸ் சுத்தி வைங்க, காசிமேட்டுல ஐஸுக்கா பஞ்சம். வலிக்கு பாராசிட்டமால் போதும், டாக்டர் சொல்லாம ஆஸ்பிரின், புரூஃபென் எல்லாம் வேணாம்.

அப்புறம் ரெஸ்ட். முதல் ஒண்ணு ரெண்டு நாள் வீட்டோட இருக்கட்டும், போனை வாங்கி வைங்க, இது தான் பெரிய சண்டையா இருக்கும், இருந்தாலும் வாங்கி வைங்க. அதுக்காக வாரக்கணக்கா இருட்டு ரூம்ல படுக்க வைக்குறதும் தப்பு, அந்தப் பழைய யோசனைய டாக்டருங்க விட்டுட்டாங்க. மெதுவா நடக்கட்டும், ஸ்கூலுக்கு அரை நாள் போகட்டும், மிஸ்கிட்ட நீங்களே போய் சொல்லுங்க. படிப்பு பழையபடி ஆன பிறகு தான் ஆட்டம். அதுவும் முதல்ல ஜாகிங், அப்புறம் தனியா பந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டு, கடைசியில டாக்டர் சரினு சொன்னதும் மேட்ச். பெரும்பாலான புள்ளைங்க நாலு வாரத்துக்குள்ள தேறிடும். ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா தான் பயம், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தா போகலாம், அரிது தான், ஆனா நடக்குது.

பாக்ஸிங் அண்ணன்களுக்கு: ஹெட்கார்டு போட்டிருக்கான்ல, என்னா ஆவும்னு கேக்காதீங்க. அது கிழிசல், வெட்டு காயத்தை தடுக்கும், குலுக்கலை தடுக்காது. ஃபுட்பால்ல 2015லயே அமெரிக்காவுல பத்து வயசு வரைக்கும் ஹெட்டிங்கே (தலையால பந்தை முட்டுறது) வேணாம்னு ரூல் போட்டுட்டாங்க, நம்ம கோச்சுங்க ஏழு வயசு புள்ளைய லைன்ல நிக்க வச்சு ஹெட் அடிக்க விடுறத நான் இப்பவும் பாக்குறேன்.

கிரவுண்டை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஸ்கூட்டி முன்னாடி குழந்தைய நிக்க வச்சு மணலி ரோட்ல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல போறோமே. நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஹெல்மெட்டுனு சட்டமே இருக்கு, அதுக்கும் சின்னதுங்களுக்கு ஹெல்மெட், பெல்ட்டுனு 2022ல தனியா ரூல் வந்துச்சு. மொட்டை மாடியில கைப்பிடி சுவர் மேல ஏறி பட்டம் விடுறதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க.

ஞாயித்துக்கிழமை டோர்னமென்ட் நடத்துற கமிட்டி அண்ணன்களே, தலையில அடி பட்டு வெளிய வர்ற புள்ளைக்கு பதிலா இறங்குறவன சப்ஸ்டிட்யூட் கணக்குல சேக்காதீங்க. அப்போ டீமுக்கும் நஷ்டம் இல்ல, கோச்சும் "தம்மு கட்டு"னு கத்த மாட்டாரு. அடுத்த மேட்ச் நோட்டீஸ் அடிக்கும்போதே இத ஒரு வரி சேத்து அடிச்சிடுங்க.