காப்பி டம்ளருக்கு அடியில் ஒரு கடுதாசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில், எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் (கி.ரா.) கடிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'சென்னைவாசி' ஒருவரைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. அந்தச் சென்னைவாசியின் மனைவி நான். 'ஓய்வுக்குப் பிறகு பொழுதைப் போக்க இவர் கண்டுபிடித்த வழி' என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். என் கணவர் ஓய்வு பெற்றது 2009இல். கி.ரா. எழுதிய முதல் தபால் கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எங்கள் மூத்த மகள் கைக்குழந்தை. அவளுக்கு இப்போது நாற்பது வயது. போக்குவதற்குப் பொழுது இருந்திருந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு இவர் ஒருமுறையாவது வந்திருப்பார்.

தங்களுக்குத் தெரியாததில்லை. ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது, பெற்றவர் வீட்டில்தான் இருக்கும். கி.ரா.வின் நண்பரும் எழுத்தாளருமான கு. அழகிரிசாமியின் கடிதங்கள் புத்தகமானதற்குக் காரணம், அவற்றைப் பெற்ற கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததுதான். கி.ரா. எழுதியவற்றுக்கு அப்படி ஒரே வீடு கிடையாது. அவை ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. அதனால்தான் இவர் லீவு போட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் பஸ் ஏறினார். கடிதம் பெற்றவர் காலமானால் பதினாறாம் நாளுக்குள் போய்விட வேண்டும் என்பார். அதற்குப் பிறகு வீட்டை ஒழித்துப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்களாம். துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'கார்டு ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்கும் மனிதரோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று உங்கள் நிருபர் என்னைக் கேட்டிருந்தால் தனிக் கட்டுரையே கொடுத்திருப்பேன். அவர் என்னிடம் காப்பி மட்டும் கேட்டார்.

2015 டிசம்பரில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்த இரவில் டிரங்குப் பெட்டிகள் பரணுக்குப் போயின. பிரிட்ஜும் என் பட்டுப்புடவைகளும் கீழேயே இருந்தன. அப்படியும் ஒரு பெட்டி நனைந்துவிட்டது. வெயிலில் போட்டால் காகிதம் சுருண்டுவிடும் என்று, மை உறிஞ்சும் தாள்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக வைத்தோம். கரண்ட் இல்லை, பனையோலை விசிறியால் வீசினோம். ஆம், நானும்தான். பால் பாயின்ட் பேனாவில் எழுதியவை தப்பின. மைப்பேனாவில் எழுதியவை பாதிக்கு மேல் நீலக் கறையாகிவிட்டன. அதுவரை இந்தப் பெட்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து ராமபாணப் பூச்சி வராமல் வசம்பும் வேப்பிலையும் வைப்பவளாகிவிட்டேன்.

அந்த வெள்ளத்தில் பிழைத்த இன்லேண்ட் கடிதம் ஒன்றைத்தான் உங்கள் நிருபர் 'படம் எடுத்துக்கொண்டு நாளைக்கே தருகிறேன்' என்று வாங்கிப்போனார். பிறகு அதை உங்கள் இதழில்தான் பார்த்தேன். மடிப்பு கிழியக் கிழிய விரித்துவைத்து, மூலையில் ஆவி பறக்கும் காப்பி டம்ளர். அழகுக்காம்.

அதற்குக் கீழே, கடிதத்தில் வரும் 'சம்சாரி' என்ற சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் 'குடும்பஸ்தர்' என்று பொருள் வேறு. நான் கும்பகோணத்துக்காரி, கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கி.ரா.வின் ஊர்ப்பக்கமான கரிசல் காட்டில் சம்சாரி என்றால் விவசாயி. இந்த மாதிரிச் சொற்கள் காணாமல் போய்விடக்கூடாது என்றுதான் கி.ரா. 1982இலேயே வட்டார வழக்குக்கென்று ஓர் அகராதி கொண்டுவந்தார். பள்ளிப் படிப்புக்கூட முடிக்காதவர் போட்ட அகராதி அது. உங்கள் அலுவலகத்தில் பட்டதாரிகள் நிறையப் பேர் இருப்பார்கள். அலமாரியில் அகராதிக்கு இடம் இருந்திருக்காது.

ஏமாறுவது எங்களுக்குப் புதிதல்ல. ஓர் ஆய்வாளர் இரண்டு நாளில் தருவதாகப் பதினொரு கார்டுகளை எடுத்துப்போனார். எட்டு வந்தன. மூன்றைப் பிறகு ஒரு புத்தகத்தில் பார்த்தோம்; 'நன்றி: நண்பர்கள்' என்றிருந்தது. இன்னொருவர் உதவி செய்வதாக நினைத்து நான்கு கார்டுகளை லேமினேஷன் செய்து கொண்டுவந்தார். இனி அந்தப் பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். மொத்தமாகக் கொடுத்தால் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னவர்களும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பழைய புத்தகங்களையும் இதழ்களையும், அவர் 1992இல் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் வந்து வாங்க வேண்டியிருந்தது. நல்லவேளையாகக் கப்பல் ஏற்றவில்லை. இன்று அவை தரமணியில் இருக்கின்றன. கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் சிலையும் நினைவரங்கமும் வந்துவிட்டன. சந்தோஷம். கார்டுகள் இன்னும் எங்கள் பரணில்.

கட்டுரையின் கடைசி வரி 'அரசு கவனிக்குமா?' அரசு கவனிப்பது இருக்கட்டும் ஐயா. வாங்கிப்போன இன்லேண்டைத் திருப்பி அனுப்புங்கள். ஆறு வாரமாகிறது; நான்கு முறை போன் செய்துவிட்டோம். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். கிளிப்போ பின்னோ போட வேண்டாம், புதிதாக எங்கும் மடிக்க வேண்டாம். டம்ளரின் வட்டம் விழுந்திருந்தால் துடைக்காமல் அப்படியே அனுப்புங்கள். துடைத்தால் எழுத்து போய்விடும்.

தங்கள்,
ஒரு வாசகி,
ஜாபர்கான்பேட்டை, சென்னை – 83.

(பெயர் போட வேண்டாம். நான் எழுதியது அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.)