வைஃபை பட்டியலில் காணும் அறியாத பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வைஃபை இணைப்பை நம் அனுமதியின்றி வேறு எவரேனும் பயன்படுத்துகிறார்களா என்பதைக் கைப்பேசியிலேயே கண்டறியலாம் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் அண்மையில் ஒரு குறிப்பு வெளிவந்திருந்தது. செயலி ஒன்றை நிறுவி ‘ஸ்கேன்’ பொத்தானை அழுத்த வேண்டும், வரும் பட்டியலில் அறியாத பெயர் ஏதேனும் இருந்தால் அது திருட்டு இணைப்பு என்று கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். நோக்கம் நல்லதே. ஆனால் அந்தக் கடைசி வரி தவறானது. அதை அப்படியே நம்பி நடந்து அக்கம்பக்கத்தில் வீண் மனத்தாங்கலைத் தேடிக்கொள்ள இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் வைஃபையில் இணைபவை ஏழு கருவிகள் என்று நாங்கள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். செயலி பதினொன்று என்றது. கூடுதலாக இருந்த நான்கில் ஒன்று ‘எஸ்பிரெசிஃப்’ என்றும், மற்றொன்று ‘ஹோன் ஹாய்’ என்றும் பெயர் காட்டின. ஒன்றுக்குப் பெயரே இல்லை. மேல்தளத்தில் புதிதாகக் குடிவந்திருந்த, எந்நேரமும் கணினியோடு இருக்கும் இளைஞர் ஒருவர்மீது என் ஐயம் போயிற்று. நல்ல வேளையாக வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது இரண்டு நாள்கள் முகங்கொடுத்துப் பேசாமல் கடந்துபோனேன். மூன்றாம் நாள் ஒவ்வொன்றாகத் தேடியதில், ‘எஸ்பிரெசிஃப்’ என்பது நாங்களே வாங்கி மாட்டிய ஸ்மார்ட் பிளக் என்றும், ‘ஹோன் ஹாய்’ என்பது மேசைமேல் இருக்கும் பிரிண்டர் என்றும், பெயரற்றது என் மகள் பாட்டுக் கேட்பதற்காக அலமாரிமேல் செருகி வைத்திருந்த பழைய கைப்பேசி என்றும் தெரியவந்தது. நான்காவது வேறெதுவுமில்லை, வீட்டுக்கு வைஃபையைத் தரும் பெட்டியான ரவுட்டர்தான். செயலி அதையும் ஒரு கருவியாக எண்ணியிருக்கிறது.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அந்தப் பட்டியல் உருவாகும் முறையிலேயே அது இருக்கிறது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ‘மேக் முகவரி’ எனப்படும் 48 பிட் நீளமுள்ள அடையாள எண் உண்டு. பன்னிரண்டு குறிகளாக எழுதப்படும் அந்த எண்ணின் முதல் பாதி, ஐட்ரிபிள்ஈ என்னும் பொறியாளர் அமைப்பு உற்பத்தி நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. செயலிகள் அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் பெயரைத் தேடிப் போடுகின்றன. ஆனால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் வைஃபை சில்லையோ, அந்தச் சில்லைப் பொருத்திய பலகையையோ செய்தவரின் பெயராக இருக்குமே தவிர, பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் பெயராக இராது. எஸ்பிரெசிஃப் என்பது ஷாங்காயைச் சேர்ந்த சில்லு நிறுவனம். ஸ்மார்ட் பல்புகள், பிளக்குகள் பலவற்றுக்குள் அதன் சில்லுதான் இருக்கிறது. ஹோன் ஹாய் என்பது ஃபாக்ஸ்கான் என்று நாமெல்லாம் அறிந்த தைவான் நிறுவனத்தின் முறையான பெயர். பிறருக்காகப் பொருள் செய்து கொடுப்பதே அதன் தொழில். ‘முராட்டா’, ‘அஸூர்வேவ்’, ‘லைட்டான்’ முதலிய பெயர்களைக் கண்டு திடுக்கிடுபவர்களும் முதலில் தம் மடிக்கணினியையும் தொலைக்காட்சியையும் அணைத்துப் பார்ப்பது நல்லது.

கைப்பேசிகளின் கதை இன்னும் சிக்கலானது. கடைகளிலும் பொது இடங்களிலும் மேக் முகவரியை வைத்து ஒருவரைப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14 முதலும், கைப்பேசி தன் உண்மையான முகவரியை மறைத்து ஒவ்வொரு வலையமைப்புக்கும் ஒரு புனைமுகவரியைக் கொடுப்பதே இயல்பான அமைப்பாகிவிட்டது. ஆகவே அவற்றுக்கு நிறுவனப் பெயர் கிடைப்பதில்லை. ஒரே ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு பெயரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேறு பெயரும் வைத்திருந்தால், ஒரே கைப்பேசி இரண்டிலும் இரு வேறு முகவரிகளோடு தோன்றி, ரவுட்டரின் குறிப்பேட்டில் இரண்டு ஆளாக நிற்கும். புனைமுகவரியை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு: பன்னிரண்டு குறிகளில் இரண்டாவது குறி 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலை கொடுத்த எண் அன்று, கருவி தானே சூட்டிக்கொண்டது. அப்படியொன்றைக் கண்டால் ஊடுருவல்காரர் என்று எண்ணுவதற்கு முன் வீட்டிலுள்ள கைப்பேசிகளின் வைஃபை அமைப்பைத் திறந்து அதில் காட்டும் முகவரியோடு ஒப்பிட்டுவிடலாம்.

இது, இல்லாத திருடனைச் செயலி காட்டுவது. இருக்கும் திருடனைக் காட்டாமல் விடுவதும் உண்டு என்பதைத் தங்கள் குறிப்பு சொல்லவே இல்லை. கைப்பேசிச் செயலி செய்வதெல்லாம், தான் இருக்கும் வலையமைப்பின் எண்களை வரிசையாகக் கூப்பிட்டு, பதில் சொல்பவர்களை எழுதிக்கொள்வதுதான். உறக்க நிலையில் உள்ள கருவி சில வேளைகளில் பதில் தராது. விருந்தினருக்கென்று தனி வலையமைப்பு வைத்திருந்தால், அதில் இருப்பவர்கள் முதன்மை வலையமைப்பிலிருந்து கூப்பிடுபவருக்குத் தென்படாதபடி ரவுட்டர் வழக்கமாகத் தடுத்துவிடும். ஐபோனிலோ, ஐஓஎஸ் 11 முதல் பிற கருவிகளின் மேக் முகவரியைச் செயலிகள் படிக்கவே முடியாது. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளிலும் இதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. எனவே ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கைப்பேசிகள் இரண்டு வேறு பட்டியல்களைக் காட்டினால் வியப்பதற்கில்லை.

யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை உறுதியாக அறிந்திருப்பது ரவுட்டர் ஒன்றே. அதைக் கேட்பதற்கும் கைப்பேசி போதும், புதிய செயலி எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் வைஃபை அமைப்புக்குள் சென்று, இணைந்துள்ள வலையமைப்பின் விவரங்களைத் திறந்தால் ‘கேட்வே’ என்றும், ஐபோனில் வலையமைப்பின் பெயருக்கு அருகே வட்டத்துக்குள் உள்ள ‘ஐ’ குறியைத் தொட்டால் ‘ரவுட்டர்’ என்றும் ஓர் எண் தெரியும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்றிருக்கும். அதை உலாவியின் முகவரிப் பட்டையில் இட வேண்டும். கூகுள் தேடலில் இடலாகாது, ஏனெனில் அங்கே விளம்பரப் பக்கங்களே வந்து நிற்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்வது நல்லது. ‘பாதுகாப்பற்ற பக்கம்’ என்று உலாவி எச்சரித்தாலும் இந்த ஓரிடத்தில் அஞ்ச வேண்டியதில்லை; வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டிக்குச் சான்றிதழ் இல்லை என்பதே அதன் பொருள். நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அங்கே ஒட்டியிருப்பதில் வைஃபையின் கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உள்ளே ‘கனெக்டட் டிவைசஸ்’ என்றோ, ‘வயர்லெஸ் கிளையன்ட்ஸ்’ என்றோ, ‘டிஎச்சிபி கிளையன்ட் லிஸ்ட்’ என்றோ பட்டியல் இருக்கும். இவற்றில் கடைசியாகச் சொன்னது வருகைப் பதிவேடு போன்றது. ரவுட்டரிடம் ஐபி முகவரி என்னும் வலையமைப்பு எண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டவர்களின் பெயரும் அதற்குரிய காலக்கெடு முடியும்வரை (பல ரவுட்டர்களில் ஒரு நாள்) அதில் இருந்துகொண்டிருக்கும். தனக்குத் தானே எண் வைத்துக்கொண்டு வந்த கருவியோ அதில் வராமலும் போகலாம். வயர்லெஸ் பட்டியல்தான் இந்தக் கணத்தில் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த இரவில்தான், செயலி ஒருமுறைகூடக் காட்டாத ஒரு கைப்பேசியை விருந்தினர் வலையமைப்பில் கண்டேன். சில மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டில் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது, மேற்பார்வையாளர் ஒருவர் அவசரமாக ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று கேட்க, நான்தான் கியூஆர் குறியீட்டைக் காட்டி இணைத்துக்கொள்ளச் சொன்னேன். வேலை முடியும்வரை அந்த இணைப்பு எத்தனை கைகளுக்குப் போயிற்றோ, நான் அறியேன். எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. சாவியைக் கொடுத்தவன் நான். மேல்தளத்து இளைஞரை நினைத்துக் கூசிப்போனேன்.

வெளியார் நம் வைஃபைக்குள் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்று கருதுகிறேன். ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்துவிட்ட கைப்பேசி எதுவும் அந்தக் கடவுச்சொல்லைக் கியூஆர் குறியீடாக இன்னொருவருக்குக் காட்டிவிடலாம். ஐஓஎஸ் 16 முதல் ஐபோனிலும் சேமித்த கடவுச்சொல்லை எழுத்தாகவே படிக்கலாம். ஒருவருக்குக் கொடுத்தது அவரோடு நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மற்றொரு வழி, தொலைபேசி எண்ணையோ பிறந்த தேதியையோ கடவுச்சொல்லாக வைப்பது. வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 என்னும் பாதுகாப்பு முறையில், ஒரு கருவி இணையும்போது கடவுச்சொல்லைச் சரிபார்க்க நடக்கும் ‘கைகுலுக்கல்’ என்னும் பரிமாற்றத்தை வானிலிருந்து பதிவுசெய்துகொண்டு, பிறகு ஓய்வாகத் தன் கணினியில் கோடிக்கணக்கான ஊகங்களைப் பொருத்திப் பார்க்க ஒருவரால் முடியும். வெறும் எண்களாலான கடவுச்சொல் அதற்கு நெடுநேரம் தாங்காது. 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இந்த ஓய்வான ஊகத்துக்கு வழிவிடுவதில்லை.

இனி, ஐயம் எழுந்தவர்கள் செய்யத்தக்கது. வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து விலக்கி, பட்டியலில் எந்த வரி மறைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், இறுதியில் மிஞ்சுவது எது என்று தெரிந்துவிடும். இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. வைஃபை கடவுச்சொல்லை (விருந்தினர் வலையமைப்பு இருந்தால் அதன் கடவுச்சொல்லையும்) மாற்றிவிட்டு வீட்டில் எவையெல்லாம் வேலை செய்யாமல் நிற்கின்றன என்று பார்த்தால் போதும், நின்றவை அனைத்தும் நம்முடையவை. கடவுச்சொல்லை மாற்றியபின் வெளியார் யாராயிருந்தாலும் வெளியேதான், அவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழாது. தங்கள் குறிப்பு பரிந்துரைத்தபடி குறிப்பிட்ட மேக் முகவரியை மட்டும் தடுத்து வைப்பது பயனற்றது. புனைமுகவரி சூடும் கைப்பேசியில் ஒரு தெரிவை மாற்றினாலே அது புதிய முகவரியோடு திரும்பி வந்துவிடும். வலையமைப்பின் பெயரை மறைத்து வைப்பதும் அப்படியே.

கடவுச்சொல்லை மாற்ற உள்ளே போனவர்கள் இரண்டு வேலைகளைச் சேர்த்தே முடித்துவிடலாம். ‘அட்மின்’, ‘அட்மின்’ என்று பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருக்கும் நிர்வாகக் கணக்கை மாற்றுவது ஒன்று; தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கொண்டே 2016-இல் மிராய் என்னும் தீநிரல் தன் படையைத் திரட்டியது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டிலக்க எண்ணைக் கொடுத்து இணையவிடும் டபிள்யூபிஎஸ் என்னும் வசதியை அணைப்பது மற்றொன்று. எட்டிலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், பதினோராயிரம் முயற்சிக்குள் திறந்துவிடும் என்பது 2011-லேயே வெளிப்பட்டது.

இணையம் மெதுவாக இருப்பதையும், ரவுட்டரின் விளக்கு இரவெல்லாம் மினுக்குவதையும் திருட்டுக்கு அடையாளமாக அக்குறிப்பு சொல்லியிருந்தது. விளக்கு, வீட்டுக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போதும் மினுக்கும். மெதுவாவதற்கோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும் மைக்ரோவேவ் அடுப்பும், அதே அலைவரிசையில் ஒன்றையொன்று மிதிக்காத மூன்றே தடங்களை அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் பங்கிட்டுக்கொள்வதும், கைப்பேசிகள் தாமே இறக்கிக்கொள்ளும் புதுப்பிப்புகளும் பல நேரங்களில் போதிய காரணங்கள்.

இவ்வளவு கவலை எதற்கு, ஒருவர் கொஞ்சம் இணையம் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் வெளியுலகுக்குப் பொதுவாக ஒரே ஐபி முகவரியோடுதான் தெரிகின்றன. நம் இணைப்பின் வழியே எவரேனும் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினால் விசாரணை முதலில் வந்து கதவைத் தட்டுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான். அதோடு, உள்ளே வந்த அந்நியருக்கு நம் கேமராவும் பிரிண்டரும் எட்டும் தொலைவில் இருக்கின்றன.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அறியாத பெயர் எல்லாம் திருட்டு இணைப்பு என்ற வரியைத் திருத்தி ஒரு விளக்கம் வெளியிட வேண்டும். செயலிகளைப் பரிந்துரைக்கும்போது அவை கேட்கும் அனுமதிகளைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வைஃபையின் பெயரைப் படிப்பதற்கு ஆண்ட்ராய்டு இருப்பிட அனுமதியைக் கட்டாயமாக்கியிருப்பதால் அதைக் கேட்பதில் பிழையில்லை, தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்கும் செயலிக்கு இந்த வேலையில் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. இணைப்புக் கொடுக்க வரும் நிறுவன ஊழியர்களும், வீட்டுக்காரரின் கண்முன்பாகவே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, இணைந்தோர் பட்டியல் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டுப் போகலாம். ஐந்து நிமிட வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் கேபிளைச் செருகி, வேகத்தைக் காட்டி, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்